பாலத்துல நின்னு கிளம்புமா?

பழைய கார் பார்க்கப் போன எல்லா இடத்திலும் நான் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். "யானைக்கவுனி பாலத்து மேட்டுல டிராஃபிக்ல நின்னா, பின்னாடி உருளாம திரும்பக் கிளம்புமா?"

கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "எல்லா காரும் கிளம்பும்க்கா. ஓட்டுறவங்க கால்லதான் இருக்கு" என்றார் ஒருவர். மைலேஜ், டச் ஸ்கிரீன், புது சீட் கவர் என்று அவர்கள் காட்ட நினைத்தது வேறு. எனக்கோ கண்ணை மூடினால் அந்தப் பாலம்தான். கீழே சென்ட்ரலுக்குப் போகிற ரயில் தண்டவாளங்கள். மேலே முன்னால் ஒரு மீன்பாடி வண்டி, பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு லாரி. நடுவில், 47 வயதில் முதல்முறையாக ஸ்டியரிங் பிடிக்கிற நான்.

எங்கள் வீடு வால்டாக்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஊரைச் சுற்றி மதில் கட்டி, அதற்கு ஜனங்களிடம் வரி வாங்க நினைத்தார்கள். வரி வசூலாகவே இல்லை, பேர் மட்டும் ரோட்டுக்கு நின்றுவிட்டது. மதிலில் இருந்த வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. இங்கே இருந்துகொண்டு என் கணவர் ஓட்டியது 'குட்டியானை'. அதாவது டாடா ஏஸ். "யானைக்கவுனியில யானை இல்லன்னு எவன் சொன்னது?" என்று அவரே ஜோக் அடிப்பார்.

14 வருடம் ஓட்டினார். இரும்புத் தகடு, பைப், எவர்சில்வர் பாத்திரம் என்று ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று தினமும் சுற்றுவார். நான் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வண்டி என்றால் அவர், நோட்டு என்றால் நான். அப்படித்தான் எங்கள் வீடு ஓடியது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு விடியற்காலை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர் சரிந்து விழுந்தார். பக்கவாதம். இடது கை, இடது கால். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பேச்சும் மெல்லத் திரும்பியது. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் புரசைவாக்கத்தில் பிசியோதெரபிக்குப் போக வேண்டும்.

அங்கேதான் பிரச்னை ஆரம்பித்தது. இவரை ஏற்றி உட்காரவைக்க ஐந்து நிமிடம் ஆகும். அதைப் பார்த்ததுமே சில ஆட்டோக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு. செல்போனில் புக் செய்தால், பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு கேன்சல் ஆகும். ஒரு மழை நாளில் முக்கால் மணி நேரம் நின்றோம். மூடியிருந்த ஒரு கடையின் படிக்கட்டில் இவரை உட்காரவைத்துக் குடை பிடித்தேன். ஊரில் பாதிப் பேருடைய சரக்கை ஏற்றி இறக்கிய மனுஷன், தன்னை ஏற்றிப் போக ஒரு வண்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். குட்டியானையை விற்று அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்று அன்று ராத்திரி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சரி" என்றார்.

மகன் சொன்ன யோசனை

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து எல்.எல்.ஆர். வாங்கினேன். வாங்கிய பிறகு 30 நாள் கழித்துதான் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போக முடியும், ஆறு மாதம்வரை அது செல்லும். அந்த இடைவெளியில் வண்டி பார்க்கலாம் என்று இருந்தோம். குட்டியானை விற்ற பணம், நான் கட்டிவந்த சீட்டு, ஓசூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பியது எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் தேறியது.

மகன் போனில் சொன்னான். "மா, கியர் வண்டியே வேணாம். ஆட்டோமேட்டிக் வாங்கிடு. கிளட்ச்சே கிடையாது. உனக்கும் ஈஸி. அதுமட்டுமில்ல, நைனாவுக்கு இடது கால்தானே வராது? ஆட்டோமேட்டிக்ல இடது காலுக்கு வேலையே இல்ல. கொஞ்சம் தேறிட்டார்னா அவரே ஓட்டலாம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. நான் அதைப் பார்த்துவிட்டேன். அந்த நிமிடமே, கடன் வாங்கியாவது ஆட்டோமேட்டிக்தான் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு நாள் இவர் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது ஆரம்பித்தார்.

"டாக்டர் இன்னா சொன்னார்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பையனுக்குத்தான் தெரியாது."

பக்கவாதத்தில் இவருக்குப் போனது கையும் காலும் மட்டுமல்ல. இடது பக்கப் பார்வையிலும் ஒரு பகுதி போய்விட்டது. கண்ணில் கோளாறு இல்லை, மூளையில் அடிபட்ட இடம் அப்படி. கண்ணாடி போட்டால் சரியாகாது. "இனிமே வண்டி ஓட்டவே கூடாது" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். நான் இவரிடம் மறைத்தேன். இவர் அடுத்த முறை தானே கேட்டுத் தெரிந்துகொண்டு, எனக்குத் தெரியாதது போல இருந்திருக்கிறார்.

"எனக்காக வண்டி வாங்காதே. நான் ஓட்டப் போறதில்ல. ஓட்டுறவ நீ. உன் கை, உன் கால், உன் ரோடு. அதைப் பாத்து வாங்கு" என்றார்.

நான் அழுதேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

ஒரே காசு, இரண்டு வண்டி

அப்புறம் கணக்குப் பேசினோம். அது என் பக்கம். ஆட்டோமேட்டிக்கை இவர் குறை சொல்லவே இல்லை. "முட்டிவலி இருக்கிறவங்க, தினமும் மவுண்ட் ரோடு டிராஃபிக்ல மாட்டுறவங்க யோசிக்காம ஆட்டோமேட்டிக் வாங்கலாம். உன் கால் நல்லாத்தான கீது? நம்ம காசுக்கு எது வருதுன்னு பாரு" என்றார்.

இந்தியாவில் சின்ன கார்களில் ஆட்டோமேட்டிக் பரவலானது 2014இல் மாருதி செலேரியோ வந்த பிறகுதான். அதில் கியர்பாக்ஸ் பழையதுதான், கிளட்ச்சை மிதித்து கியர் மாற்றுகிற வேலையை ஒரு இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பழைய கார் சந்தையில் தேடியபோது எங்கள் பட்ஜெட்டுக்கு அப்படி வந்தவை 2018க்கு முந்தையவை. அதே காசுக்கு கியர் வண்டி என்றால் 2022 மாடல்வரை கிடைத்தது.

நாலு வருடம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. விசாரித்தபோதுதான் புரிந்தது. 2019 ஜூலை முதல் எல்லா காரிலும் ஓட்டுபவருக்கு ஏர்பேக், பின்பக்க பார்க்கிங் சென்சார், வேக எச்சரிக்கை எல்லாம் கட்டாயம். ஆனால் முன்பக்கம் பக்கத்தில் உட்கார்பவருக்கான ஏர்பேக் எல்லா காருக்கும் கட்டாயமானது 2021 முடிவில்தான்.

பக்கத்தில் உட்காரப் போவது யார்? இவர்தான். ஒரு கையால் மட்டுமே தாங்கிப் பிடிக்க முடிகிறவர். "இடது பக்கம் ஏர்பேக் இல்லாத வண்டி வேணாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் எனக்காக கியர் வண்டி என்றார். நான் அவருக்காக 2022 மாடல் என்றேன். இரண்டும் ஒரே வண்டியில் வந்து சேர்ந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொரு காரணமும் சொன்னார். "கியர்ல கத்துக்கிட்டா எதையும் ஓட்டலாம்." சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் மகள் எடுத்திருப்பது 3ஏ லைசென்ஸ். அதில் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். கியர் வண்டிக்கு 3ஆம் வகுப்பு லைசென்ஸ் வேண்டும். இங்கிலாந்திலும் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான் அனுமதி. அவள் லீவில் இங்கே வந்தபோது வீட்டு வாசலில் கியர் வண்டி நின்றும் ஓட்ட முடியவில்லை.

இவர் பேச்சில் கொஞ்சம் பரம்பரைப் பெருமையும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் மாமனார் எண்ணூரில் அசோக் லேலண்டில் வேலை பார்த்தவர். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்த கம்பெனி அது. லாரிக்கு முன்னால் அங்கே பூட்டியது ஆஸ்டின் கார்கள். கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து கியர் மாற்றுகிற பழைய லாரிக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஆட்டோமேட்டிக்கை அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்ளுமா?

அளவு நாடாவோடு கார் தேடல்

முதலில் காரை அளக்கவில்லை, எங்கள் சந்தை அளந்தேன். கரண்ட் பாக்ஸுக்கும் எதிர்வீட்டுத் திண்ணைக்கும் நடுவே ஏழடி. அதற்குள் காரும் வேண்டும், இரண்டு பக்கக் கண்ணாடியும் வேண்டும், என் பயத்துக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.

என் தம்பி தன் பழைய டீசல் காரை, "சும்மாவே எடுத்துக்கோக்கா" என்றான். பாசம் புரிந்தது. ஆனால் முன்னால் பானெட் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கிளட்ச்சை மிதித்தால் தையல் மெஷினில் கோணி தைப்பது போல கனம். பத்து நிமிடத்தில் கால் நடுங்கியது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பெரிய வண்டியில் கத்துக்கொள்ள ஆரம்பித்து, ஒருமுறை இடித்த பயத்தில் வாழ்நாள் முழுக்க ஓட்டாமலே விட்ட பெண்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். நன்றி சொல்லி மறுத்தேன்.

அடுத்து ஆல்ட்டோ. அகலம் குறைவு, கிளட்ச் பஞ்சு மாதிரி. எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் சீட் தாழ்வு. இவர் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. நானும் கடைக்காரரும் சேர்ந்து தூக்கினோம். ஸ்விஃப்ட் அழகாக இருந்தது. 1,735 மி.மீ. அகலம், ஏழடிச் சந்தில் எனக்கு மூச்சு முட்டும். பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் கொஞ்சம்தான் தெரிந்தது.

வேகன் ஆர் பார்த்தபோது இவரே கதவைத் திறந்தார். பிசியோவில் சொல்லிக்கொடுத்திருந்தபடி முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். சீட் இடுப்பு உயரத்தில் இருந்தது. யாரும் பிடிக்கவில்லை. இறங்கும்போதும் தானே இறங்கினார். அகலம் 1,620 மி.மீ., நீளம் 3,655. உயரமாக உட்கார்ந்து பார்ப்பதால் எனக்கும் ரோடு நன்றாகத் தெரிந்தது. மாடல் முடிவாகிவிட்டது. இனி நல்ல வண்டி கிடைக்க வேண்டும்.

முதலில் பார்த்த வேகன் ஆர் புதுசு மாதிரி பளபளத்தது. நான் அட்வான்ஸ் கொடுக்கவே தயார். இவர் வண்டியைச் சுற்றி மெல்ல நடந்து, பானெட்டில் கை வைத்தார். சூடு. "நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க. காலையில ஆறின வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு பாக்கணும்" என்று என் காதில் சொன்னார். டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். வண்டி ஓடியதாகக் காட்டிய கிலோமீட்டருக்கு நாலு டயரும் புதுசாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்றார்.

பிறகு என்னை உள்ளே உட்காரவைத்து, முன்னால் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, ஒரு சோதனை சொன்னார். "ஹேண்ட் பிரேக்கை நல்லா இழு. மூணாவது கியர் போடு. கொஞ்சமா ஆக்ஸிலேட்டர் குடுத்து கிளட்ச்சை மெதுவா விடு."

விட்டேன். எஞ்சின் பாட்டுக்கு உறுமிக்கொண்டு ஓடியது.

"நல்ல கிளட்ச்னா இந்நேரம் பொசுக்குனு ஆஃப் ஆகியிருக்கணும். பிளேட் தேஞ்சு போச்சு. மேட்டுல இழுக்காது." கடைக்காரர் முகம் மாறியது. இவர் முகமும் மாறியது. இரண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் எங்கள் வண்டி கிடைத்தது, பெரம்பூரில் ஒரு ரிட்டயர்டு ஆசிரியரிடம். 2022 மாடல், பெட்ரோல், ஒரே கை. ஆறிய எஞ்சின் முதல் சாவியில் ஸ்டார்ட் ஆனது. மூணாவது கியரில் கிளட்ச்சை விட்டதும் மரியாதையாக ஆஃப் ஆனது.

காகித வேலையை நான் பார்த்தேன். ஆர்.சி. மாற்ற படிவம் 29, 30. அவர் வாங்கியிருந்த பேங்க் லோன் முடிந்ததற்கு என்.ஓ.சி.யும் படிவம் 35ம். பாக்கி அபராதம் எதுவும் இல்லையா என்று பரிவாஹன் இணையதளத்தில் பார்த்தேன். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்றினேன். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். மாற்றாமல் விட்டால், நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸ் அவருக்குத்தான், வண்டியோடு நமக்கு வராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பாலம்

லைசென்ஸ் வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல் காரில் அருமையாக ஓட்டினேன். சொந்த வண்டியை எடுத்த முதல் நாள் சந்து முனை திரும்புவதற்குள் ஆறு முறை ஆஃப் ஆனது. அவமானமாக இருந்தது.

"ஸ்கூல் வண்டியில வாத்தியார் காலுக்கும் கிளட்ச், பிரேக் இருக்கும். நீ ஓட்டினேன்னு நெனச்சியா? பாதி அவர் ஓட்டினார்" என்றார் இவர். பிறகு ஒரு வாரம், ஞாயிறும் மற்ற நாள் விடியற்காலையும் ஆக்ஸிலேட்டரைத் தொடவே விடவில்லை. சமதரையில் கிளட்ச்சை மட்டும் மயிரிழையாக விட்டு வண்டியை நகர்த்தப் பழக்கினார். எந்த இடத்தில் வண்டி லேசாக அதிர்ந்து, மூக்கைத் தூக்குகிறதோ, அந்த இடத்தைக் காலுக்குப் பழக்கு என்றார்.

பிறகு அந்தத் திங்கள்கிழமை வந்தது. பிசியோவுக்கு நாங்களே போகிறோம். வருடக்கணக்கில் மூடி வைத்து, இடித்து, புதுசாகக் கட்டிய பாலம். மூடியிருந்த காலத்தில் குட்டியானையோடு சுற்றிச் சுற்றிப் போன இவர், அதன்மேல் சரக்கோடு போன நாட்கள் கொஞ்சம்தான்.

பாதி மேட்டில் முன்னால் போன மீன்பாடி வண்டி நின்றது. நானும் நின்றேன். பின்னால் லாரி. கண்ணாடியில் அதன் முகப்பு மட்டும்தான் தெரிந்தது. மீன்பாடி நகர்ந்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னால் உருண்டது. பதற்றத்தில் கிளட்ச்சை மொத்தமாக விட்டேன். ஆஃப். லாரி ஹாரன் காதைப் பிளந்தது. உருளுவது நிற்கவில்லை.

கர்ரக் என்று ஒரு சத்தம். வண்டி நின்றது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்திருந்தார். கியர் வண்டியில் அது இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. இடது சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் வலது கைக்குப் பக்கத்தில். இவருடைய நல்ல கை அதுதான்.

"ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும். அவனுக்கு வேற வேலை இல்ல. ஸ்டார்ட் பண்ணு. ஃபர்ஸ்ட் கியர். கிளட்ச் மெதுவா... வண்டி மூக்கைத் தூக்குதா? கொஞ்சம் ஆக்ஸிலேட்டர். அவ்ளோதான், அப்படியே வை." கையை எடுக்காமலே சொன்னார். "இப்ப நான் விடுறேன்."

விட்டார். வண்டி பின்னால் போகவில்லை. முன்னால் ஏறியது.

இறக்கத்தில் ராஜா முத்தையா சாலைக்கு வந்ததும் ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "குட்டியானை இதை விட நல்லா ஏறும்" என்றார்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. பாலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, விட்டு, நானே கிளம்புகிறேன். சில நாள் அதுவும் தேவைப்படுவதில்லை, ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடிக்கிறேன். "பிளேட் தேயும்" என்று திட்டு வாங்குகிறேன். மகன் லீவில் வந்து பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "மா, நீ நைனா மாதிரியே கியர் போடுற" என்றான். ஆட்டோமேட்டிக் பேச்சை அவன் எடுக்கவில்லை. டாக்டர் சொன்னதை இவரே அவனிடம் சொல்லிவிட்டார் என்று அப்புறம் தெரிந்தது.

என்ன கார் வாங்கலாம் என்று கடையில் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். கார் பேரை நான் சொல்வதில்லை. ஓட்டப்போவது யார், பக்கத்தில் உட்காரப்போவது யார், தினமும் எந்த ரோட்டில் போவீங்க என்று கேட்கிறேன். முடிந்தால் அந்த ரோட்டிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்கிறேன்.

இன்றும் பாலத்து மேடு வந்தால், இவர் பேச்சை நிறுத்திவிடுவார். வலது கை தானாக நகர்ந்து ஹேண்ட் பிரேக் பக்கத்தில் வந்து உட்காரும். அது தேவையில்லை என்று நான் சொன்னதே இல்லை.